நாலாம் வகுப்பு, ஐம்பது மீட்டர்

விசிலை வாயில் வைத்ததும் நாக்கில் ஒரு ருசி ஏறும், பதினெட்டு வருஷமாக அதே ருசி, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் காலையில் குடித்த காபி, ஊதுவதற்கு முந்தைய அந்த அரை நொடி எனக்குப் பிடிக்கும், முப்பத்தெட்டு பிள்ளைகள் என் கன்னம் உப்புகிறதா என்று பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அரை நொடி, அப்போது இந்த மைதானத்தில் ஓர் இலை அசைய வேண்டுமென்றாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அசைய வேண்டும், இதை எழுத முடியுமா, எச்.எம். மேடம் கேட்டிருக்கிற பக்கத்தில் இதை எழுதிக் கொடுத்தால் அவர் முகம் எப்படிப் போகும். ஆண்டு மலருக்கு ஒவ்வொரு டீச்சரும் ஒரு பக்கம் தர வேண்டுமாம். "உங்க வேலையில மனசு நெறஞ்ச தருணங்கள்னு ஏதாவது எழுதிக் குடுங்க ஜெசிந்தா, சின்னச் சின்ன விஷயமா இருந்தாப் போதும், பி.டி. டீச்சருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கேன்" என்றார் காலையில், அந்த 'க்கும்' காதில் இன்னும் கிடக்கிறது, பி.டி. டீச்சருக்கும், ஆயாவுக்கும், வாட்ச்மேனுக்கும். எழுதுவதற்கா விஷயம் இல்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் என் விரலுக்காகச் சண்டை போடுவதை எழுதலாம், கட்டைவிரல் கிடைத்த பிள்ளை ராஜா மாதிரி நடந்து வருவதை, சுண்டுவிரல் கிடைத்தது அழுவதை. ஸ்கிப்பிங் கயிறு முதல் தடவையாகக் காலுக்கடியில் போய்த் திரும்பும்போது குழந்தை கயிற்றைப் பார்க்காது, என்னைத்தான் பார்க்கும், பாத்தீங்களா மிஸ் என்கிற அந்த முகம், அந்த ஒரு முகத்துக்காக நான் இந்தக் கால் வலியோடு இந்த வெயிலில் நிற்கலாம், நிற்கிறேன். மூன்றாம் வகுப்பு தியாவை எழுதலாம். பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். அவளைச் சுவரோரம் நிறுத்தி வைத்து நான் பந்தை எறிந்துகொண்டே இருந்தேன், முப்பது தடவை, நெஞ்சில், தோளில், ஒரு தடவை மூக்கில், லேசாக ரத்தம்கூட வந்தது, முப்பத்தோராவது பந்தைப் பிடித்தாள். பிடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை மாதிரி ஒன்று எனக்கு என் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை. எழுதும்போது முப்பதை விட்டுவிடலாம், முப்பத்தொன்றை மட்டும் எழுதலாம், அப்படித்தான் எல்லோரும் எழுதுவார்கள்.

ஊதினேன். முதல் குரூப் ஓடி வந்தது. இன்று நாலாம் வகுப்புக்கு ஸ்போர்ட்ஸ் டே தேர்வு, ஐம்பது மீட்டர், நாலு நாலு பேராக ஓட வேண்டும், குரூப்புக்கு ஒருத்தர்தான், முதலில் வருகிறவர் மட்டும் இறுதிப் போட்டிக்கு. நான் முடிவுக் கோட்டில் நிற்கிறேன், சுண்ணாம்புத் தூளால் நானே காலையில் போட்ட கோடு, பிள்ளைகள் அந்தக் கடைசியில், காம்பவுண்டு சுவரை ஒட்டி. ஓடி முடித்தவர்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கத்துகிறார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாசனை வரும், திண்டுக்கல்லில் பிறந்த மூக்குக்கு அது ஒன்றும் செய்யாது, வெளியூர் டீச்சர்கள்தான் கர்ச்சீப்பை எடுப்பார்கள். இடது முழங்கால் காலையிலிருந்தே விண்ணென்று இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது உள்ளே மணல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம், யாருக்கும் கேட்காது, எனக்குக் கேட்கும், நாற்பத்தொன்பது வயதில் பி.டி. டீச்சர் நொண்டினால் அடுத்த ஜூனில் ஒரு சின்னப் பெண்ணை, யோகா தெரிந்த, இங்கிலீஷ் பேசுகிற ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், அதனால் நொண்டுவதில்லை. இரண்டாவது குரூப். மூன்றாவது. ஒரு பையன் பாதி தூரத்தில் நின்று ஷூ லேஸைக் கட்டினான், நிழல் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். நாலாவது, ஐந்தாவது. எனக்கு இவர்கள் யார்மீதும் கவனம் இல்லை. காலையில் கோடு போடும்போதே நான் ஆறாவது குரூப்புக்காகத்தான் போட்டேன், அஃப்ரின் ஆறாவது குரூப்பில் இருக்கிறாள்.

அஃப்ரினை நான் கண்டுபிடித்தது அவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது. யாரோ அவள் டிபன் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓட, இவள் துரத்திக்கொண்டு போனாள், நான் ஸ்டாஃப் ரூம் வாசலில் டீயோடு நின்றேன், டீ ஆறிப்போகிறவரை நின்றேன். ஓடும்போது அவள் தலை அசைவதில்லை. உடம்பு முழுக்க ஓடும், தலை மட்டும் தண்ணீரில் மிதக்கிற குடம் மாதிரி சும்மா வரும். அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. எனக்கு நாலு வருஷம் சொல்லிக் கொடுத்தும் வரவில்லை, நான் தலையை ஆட்டி ஆட்டித்தான் ஓடுவேன், எங்கள் மாஸ்டர் "ஆமாஞ்சாமி போடாதடி" என்று பிரம்பால் பின்னங்காலில் போடுவார். அஃப்ரினை நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை, பாராட்டினால் கெட்டுவிடும். சிலபேர் பாங்கில் பணம் போட்டு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற மாதிரி, எச்.எம். ஏதாவது சொன்ன நாட்களில் நான் அஃப்ரினை நினைத்துக்கொள்வேன். அவளோடு எப்போதும் கனிஷ்கா. கை கோத்துக்கொண்டுதான் மைதானத்துக்கே வருவார்கள். கனிஷ்கா ஓடுவது கோழி ஓடுவது மாதிரி, முழங்கை இரண்டும் வெளியே, வாய் திறந்து, ஆனால் உயிரை விட்டு ஓடுவாள். சேர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே இருவரும் ஒரே குரூப்பில் வந்து நின்றார்கள். கூட இன்னும் இரண்டு பெண்கள், ஒருத்தி ஓடும்போதெல்லாம் தலை கிளிப்பைப் பிடித்துக்கொள்வாள், இன்னொருத்தி முடிவதற்கு முன்பே நடக்க ஆரம்பித்துவிடுவாள்.

ஊதினேன். ஸ்டாப் வாட்சை வேண்டியதைவிட அழுத்தமாக அழுத்தினேன், எனக்கே வெட்கமாக இருந்தது. எதிரே இருந்து ஓடி வருகிறவர்களைப் பார்ப்பது வேறு மாதிரி, தூரம் தெரியாது, பெரிதாகிக்கொண்டே வருவது மட்டும் தெரியும், அஃப்ரின் பெரிதாகிக்கொண்டே வந்தாள், தலை அசையாமல், மற்ற மூன்று பேரும் அவளுக்குப் பின்னால் எங்கோ, அப்புறம் வேப்பமரத்துக்கு நேரே வரும்போது அவளுடைய வலது தோள் இறங்கியது. அவ்வளவுதான். ஒரு தோள், இரண்டு விரல் அளவு. பின்னாலிருந்து கனிஷ்கா முழங்கைகளை வீசிக்கொண்டு வந்து, அவளைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, நிற்கத் தெரியாமல் என் வயிற்றில் வந்து மோதினாள். "மிஸ் நான் ஃபர்ஸ்ட்டு! மிஸ் நான் ஃபர்ஸ்ட்டா மிஸ்? நெஜமாவா மிஸ்?" என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குதித்தாள், அவளுடைய வியர்வை என் சுரிதாரில் ஈரமாக ஒட்டியது, முகத்தை அண்ணாந்து பார்த்தாள், அந்த முகம், நான் இந்த வேலையில் இருப்பதற்கே காரணமான அந்த முகம், என் வயிற்றிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நான் அதைப் பார்க்கவில்லை. அஃப்ரினைப் பார்த்தேன். அவள் குனிந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்னாச்சு?" என்றேன். "கால் புடிச்சிருச்சு மிஸ்" என்றாள்.

கால் புடிச்சிருச்சு. இதே சொல். வேறு சொல்லே கிடையாதா இந்த ஊரில். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பஞ்சவர்ணமும் இதைத்தான் சொன்னாள், இதே மாதிரி குனிந்து, இதே மாதிரி கெண்டைக்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "கால் புடிச்சிருச்சு ஜெசி, நீ போனதே எனக்குத் தெரியல." நான் ப்ளஸ் டூ, அவளும் ப்ளஸ் டூ, அவளுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், ஷூ கிடையாது, வெறுங்காலில் ஓடுவாள், மாவட்டப் போட்டி, இருநூறு மீட்டர். காலையில் நடந்த ஹீட்ஸில், அந்தத் தகுதிச் சுற்றில், என்னைவிட நாலடி முன்னால் போனாள், திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். மத்தியானம் மரத்தடியில் அவளுடைய எலுமிச்சம்பழச் சோற்றைப் பாதிப் பாதி தின்றோம், அப்போது நான் அழுதேன். இந்தத் தடவை முதல் வரவில்லை என்றால் படிப்பு போதும், மில்லுக்குப் போ என்று அப்பா சொல்லிவிட்டார், அதைச் சொல்லி அழுதேன். வேண்டுமென்றா அழுதேன், இல்லை, பதினேழு வயதில் யாருக்கு அவ்வளவு தந்திரம் வரும், அழுகை வந்தது, அழுதேன், அவ்வளவுதான். பஞ்சவர்ணம் விரலை நக்கினாள். மூன்று மணிக்கு ஃபைனல்ஸ். கடைசி இருபது மீட்டரில் என் பக்கத்து லேனில் ஒரு தோள் இறங்கியது. நான் பார்த்தேனா. ஓடும்போது பக்கத்தில் பார்க்கக் கூடாது என்று மாஸ்டர் சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறார், நான் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்றால் தோள் இறங்கியது எனக்கு எப்படித் தெரியும். அந்தச் சர்டிஃபிகேட்டைக் காட்டித்தான் உடற்கல்விக் கல்லூரியில் இடம் கிடைத்தது, கல்லூரியைக் காட்டி வேலை, வேலையைக் காட்டி மாப்பிள்ளை, எல்லாம் அந்த இருபது மீட்டர். மில்லுக்குப் போனது அவள்தான். பத்து வருஷம் கழித்து ஒரு நாள் நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், வேடசந்தூர் ஸ்டாண்டில் கீழே ஷிப்ட் முடிந்த பெண்கள் கூட்டம், ஒருத்தி தலை முழுக்கப் பஞ்சு, அண்ணாந்து என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள், சிரித்தாள், அதே சிரிப்பு, நான் ஹேண்ட்பேக்கைத் திறந்து டிக்கெட்டைத் தேடினேன், பஸ் கிளம்புகிறவரை தேடினேன், டிக்கெட் என் கையில்தான் இருந்தது. கேட்டிருக்கலாம். ஜன்னல் வழியாக ஒரே ஒரு கேள்வி, அன்னைக்கு நெஜமாவே கால் புடிச்சதா. கேட்கவில்லை, கால் பிடித்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன், வெறுங்காலில் ஓடினால் பிடிக்கத்தானே செய்யும், வெறும் எலுமிச்சம்பழச் சோறு, தண்ணீர் போதாது, உப்பு போதாது, பி.டி. படித்த எனக்குத் தெரியாதா, அப்படிப் பிடிக்கும்.

"ஃபால்ஸ் ஸ்டார்ட்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "விசிலுக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்க. மறுபடி ஓடணும்." கனிஷ்கா என் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "இல்ல மிஸ், நான் விசில் கேட்டுத்தான் மிஸ்..." "போன்னு சொன்னேன்." போனார்கள். நிழலில் ஒரு சலசலப்பு, யாரும் முன்னாடி கிளம்பவில்லை என்பது அந்த வகுப்பு முழுக்கத் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் விசில் என் கழுத்தில்தானே தொங்குகிறது. ஊதினேன். இந்தத் தடவை கனிஷ்கா இன்னும் வேகமாக ஓடினாள், ஜெயித்த காலுக்கு ஒரு தனித் தைரியம் வரும், இதையும் எழுதலாம், அஃப்ரின் வேப்பமரத்தைத் தாண்டியதும் மறுபடி தோளை இறக்கினாள், கனிஷ்கா முதல், அஃப்ரின் இரண்டாவது. கிளிப் பெண்ணையும் நடக்கிற பெண்ணையும் நிழலுக்கு அனுப்பினேன். "நீங்க ரெண்டு பேர் மட்டும். இன்னொரு தடவை." "மிஸ் விலாவுல குத்துது மிஸ்" என்றாள் கனிஷ்கா, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஜெயித்துக்கொண்டிருப்பவள் அல்லவா, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஜெயித்துக் காட்டுகிறேன் என்கிற சிரிப்பு. "குத்தட்டும்" என்றேன். மணி பதினொன்றே முக்கால், தரை கொதிக்கிறது, சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தால் கண் கூசுகிறது, மூன்றாவது தடவை ஊதினேன், இந்தத் தடவை அஃப்ரின் மறைக்கக்கூட இல்லை, பாதி தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கனிஷ்காவுக்கு ஒரு கை தூரம் பின்னால், அவள் காலடி மேல் காலடி வைத்து, ஒரு குழந்தையை ரோடு தாண்டிவிடுகிற மாதிரி கொண்டுவந்து விட்டாள். கனிஷ்கா கோட்டைத் தாண்டி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் எச்சில் நூலாகத் தொங்கியது. அப்போதும் சிரித்தாள்.

அஃப்ரினைத் தனியாகக் கூப்பிட்டேன், பைப்புப் பக்கம், மற்றவர்களுக்குக் கேட்காத தூரம். முழங்கால் கத்தக் கத்தக் குத்த வைத்து உட்கார்ந்தேன், கண்ணுக்குக் கண் நேராக இருந்தால் பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள், டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்தது. "கால் புடிக்கவே இல்லல்ல?" அவள் ரிப்பன் முனையை வாயில் வைத்துக் கடித்தாள். "மிஸ் திட்ட மாட்டேன். ஏன் மெதுவா ஓடுன?" "அவங்க அப்பா வர்றாங்க மிஸ்." "யாரு அப்பா?" "கனி அப்பா. மஸ்கட்லருந்து. ஸ்போர்ட்ஸ் டேக்கு வர்றாங்க. ஃபோன்ல சொல்லிட்டா மிஸ், நான் ரன்னிங்ல இருக்கேன்னு." "அதுக்கு?" அஃப்ரின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இவ்வளவு சின்ன விஷயம் இந்தப் பெரியவளுக்கு ஏன் புரியவில்லை என்கிற மாதிரி. "எங்க அத்தா இங்கதான் மிஸ் இருக்காங்க. தெனமும் என்னயப் பாக்குறாங்க." "அவளுக்குத் தெரியுமா?" "தெரியாது மிஸ். சொல்லிராதீங்க மிஸ். ப்ளீஸ் மிஸ்."

இதுதான் எச்.எம். கேட்ட பக்கம். அது அப்போதே எனக்குத் தெரிந்தது, யாராவது பிற்பாடு இவளுக்குப் புரியவில்லை பாவம் என்று சொன்னால் அது பொய், எனக்கு நன்றாகப் புரிந்தது, என் பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒன்று என் முன்னால் வந்து நின்றதில்லை, ஒன்பது வயது, வாயில் ரிப்பன், இந்தக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் என்று கை எழுந்தது. இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். குரூப்புக்கு ஒருத்தர் என்பது நான் போட்ட கணக்கு, நானே மாற்றலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எழுந்து, இரண்டு பேரும் செலக்டட் என்று சொன்னால் முடிந்தது, ஒரே ஒரு வாக்கியம், இரண்டு முகம். ஆனால் 'சொல்லிராதீங்க' என்றாளே. பஞ்சவர்ணம் யாரிடமாவது இப்படிச் சொல்லியிருப்பாளா, அவளுடைய மாஸ்டரிடம், தண்ணீர் கொடுத்த பெண்ணிடம், அவ பாவம், சொல்லிராதீங்க சார். அன்றைக்கு அந்த மைதானத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும். மெடலை என் கழுத்தில் போட்ட ஆள் ஏன் அப்படிச் சிரித்தார். எங்கள் மாஸ்டர் ஏன் என்னைப் பாராட்டவில்லை, தலையை மட்டும் தடவினார், அவர் யார் தலையையும் தடவுகிற ஆள் இல்லையே. எல்லோருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல், நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன், ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. இந்தப் பெண் கனிஷ்காவும் அப்படித்தான் சுற்றப் போகிறாள், நாற்பத்தொன்பது வயதில் ஒரு நாள் தெரிந்துகொள்ளப் போகிறாள், அதைவிட இப்போதே தெரிந்துகொள்ளட்டும், அவளுக்கு நல்லதுக்குத்தான், அவளுடைய நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன், நினைக்கும்போதே அது பொய் என்றும் தெரிந்தது, அவள் அண்ணாந்து பார்த்த அந்த முகத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அதுதான் நிஜம்.

"கனிஷ்கா, இங்க வா." வந்தாள், சட்டையில் மண்ணைத் தட்டிக்கொண்டே. வகுப்பு முழுவதும் கேட்கிற இடத்துக்கு நானே இரண்டடி நகர்ந்து நின்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன், நகர்ந்தேன். "நீ ஜெயிக்கலம்மா" என்றேன். நல்ல செய்தி சொல்லும்போது வருகிற குரல்தான் வந்தது, இதமாக. "அஃப்ரின் உனக்காக மெதுவா ஓடுனா. மூணு தடவையும்." கனிஷ்கா முதலில் சிரித்தாள். "சும்மா சொல்றீங்க மிஸ்." பிறகு அஃப்ரினைப் பார்த்தாள். "இல்லன்னு சொல்லுடி." அஃப்ரின் தரையைப் பார்த்தாள். "சொல்லுடி அஃப்ரி." நிழலிலிருந்து ஒரு பையன், "ஆமா, நாங்க அப்பவே பாத்தோம் மிஸ்!" என்றான், உடனே நாலைந்து குரல்கள், "நானும் பாத்தேன் மிஸ்", "நானும்", யார் முதலில் பார்த்தது என்று போட்டி, ஒருத்தி கனிஷ்கா முழங்கையை வீசி ஓடுவதைச் செய்து காட்டினாள், எல்லோரும் சிரித்தார்கள். நான் விசில் ஊதி அடக்கியிருக்கலாம். ஊதவில்லை. கனிஷ்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த முறை ஒரு நொடிகூட விடாமல் பார்த்தேன். ஒரு முகம் மலர்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அது பின்பக்கமாகச் சுருண்டுகொண்டு போவதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை, முதலில் கண், அப்புறம் மூக்கு நுனி, கடைசியாக வாய், வாய்தான் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே இருந்தது, அதற்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அஃப்ரினுக்கு முன்னால் போய் நின்று சுண்டுவிரலை நீட்டினாள். "உங்கூட காய்." அஃப்ரின் கை கொடுக்க வந்தாள். கனிஷ்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சாகுற வரைக்கும் காய். உங்கம்மா மேல சத்தியமா காய்." போய் பைப்பைத் திறந்து முகம் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நீ போ" என்றேன் அஃப்ரினிடம். "தனியா ஓடு. ஒழுங்கா ஓடு." நடந்தாள் அந்தக் கடைசிக்கு, கையை ஆட்டாமல். ஓட மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம் வந்தது, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பயந்தேன், சொன்னால் நான் என்ன செய்வேன், அவள் அந்தக் கடைசியில் சும்மா நின்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வேன். குனிந்து நின்றாள். ஊதினேன். அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது, நான் நாலு வருஷமாகக் காத்திருந்தது வந்தது. தலை அசையவில்லை. மண் தெறித்தது. பாதத்தின் முன்பாதி மட்டும் தரையைத் தொட்டது, தொட்டதா என்றே தெரியவில்லை, வேப்பமரம் வந்தது, தோள் இறங்கவில்லை, அந்த முகத்தில் எதுவுமே இல்லை, கோபம் இல்லை, அழுகை இல்லை, துடைத்து வைத்த சிலேட்டு மாதிரி, அது பெரிதாகி, பெரிதாகி, என் மேல் வந்து விழப்போகிறது என்று நான் ஓர் அடி பின்னால் வைத்தபோது காற்று மட்டும் என்னை அடித்துவிட்டுப் போனது. எட்டு புள்ளி ஒன்று. இந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பையன்கள்கூட எட்டரைக்குக் கீழே வந்ததில்லை. எட்டு புள்ளி ஒன்று. எனக்கு உடம்பு சிலிர்த்தது, முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கட்டியது, பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள், சற்று முன் கேலி செய்த அதே பிள்ளைகள், மனதாரத் தட்டினார்கள், நான் இவளைப் பார்த்தேன், நான்தான் முதலில் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அஃப்ரின் கோட்டில் நிற்காமல் சுவர்வரை ஓடி, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி நின்றாள், முதுகு ஏறி இறங்கியது. பிறகு திரும்பி வந்தாள். "போதுமா மிஸ்?" என்றாள். "சூப்பர்டா கண்ணு" என்று தோளில் கை வைத்தேன். தோள் கல் மாதிரி இருந்தது. கையை நானே எடுத்துக்கொண்டேன்.

நோட்டில் ஆறாவது குரூப் என்று எழுதி அவள் பெயரை எழுதினேன், பக்கத்தில் 8.1 என்று போட்டு வட்டம் போட்டேன். மிச்சக் குரூப்புகள் ஓடின, யார் வந்தார்கள் என்று எழுதினேன், கை எழுதியது. கடைசிக் குரூப் முடிந்தபோது கனிஷ்கா வந்து பக்கத்தில் நின்றாள். முகம் நன்றாகக் கழுவியிருந்தது, காதோரம் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "மிஸ், ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு அந்தக் கோட்டுல கயிறு புடிப்பாங்கல்ல மிஸ், ஃபர்ஸ்ட்டு வர்றவங்க வந்து இடிக்கிற கயிறு. அத நான் புடிக்கவா மிஸ்?" "எதுக்கு?" "அங்க நின்னா எங்கப்பா கண்ணுக்கு நான் தெரிவேன் மிஸ்." ஐந்தாம் வகுப்பில் உயரமான இரண்டு பேரைக் கயிறு பிடிக்கப் போட்டுப் போன வாரமே எச்.எம். கையெழுத்து வாங்கியாகிவிட்டது, அதுதான் உண்மை, மாற்றச் சொல்லி அவரிடம் போய் நிற்க வேண்டும், ஏன் என்று கேட்பார், என்ன சொல்வது. "அதுக்கெல்லாம் ஆள் போட்டாச்சும்மா" என்றேன். "சரி மிஸ்" என்றாள். உடனே சொன்னாள், காத்திருந்த மாதிரி. வரிசைக்குப் போனாள், எப்போதும் நிற்கிற இடத்துக்கு இல்லை, அஃப்ரினுக்கு ஆறு பேர் தள்ளி, இரண்டு பையன்களுக்கு நடுவில்.

பெல் அடித்தது. முப்பத்தெட்டு பேரும் இரண்டு வரிசையாக நின்றார்கள், சாப்பாட்டு நேரம், காலைத் தேய்த்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு. லீடர் பெண் கையைத் தூக்கினாள். பீரியட் முடிந்ததும் டீச்சருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோரும் சேர்ந்து இழுத்து இழுத்துச் சொல்ல வேண்டும், எல்.கே.ஜி.யிலிருந்தே பழக்கியது. "தேங்க்... யூ... மிஸ்..." நான் கனிஷ்காவின் வாயைப் பார்த்தேன். அசைந்தது. ஆறு பேர் தள்ளி அஃப்ரினின் வாயைப் பார்த்தேன். அதுவும் அசைந்தது. இரண்டு பேரும் ஓர் எழுத்தைக்கூட விடவில்லை, மற்றவர்களோடு சேர்ந்து ஆரம்பித்து, மற்றவர்களோடு சேர்ந்து முடித்தார்கள். "வெல்கம் சில்ட்ரன்" என்றேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.